முட்டிக்கு எவ்வளவு தெம்பு இருக்கு? நாற்காலி, நடை, படிக்கட்டு வைத்து அளக்கும் முழு வழிகாட்டி

குடியாத்தம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு அம்மா எங்கள் பிசியோ சென்டருக்கு வந்துகொண்டிருந்தார். வயது 58. முப்பது வருடமாக முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து வேலை செய்தவர். இரண்டு முட்டியிலும் தேய்மானம். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லி எண்ணினேன். 30 நொடியில் 8 தடவை. ஆறு வாரம் பயிற்சி கொடுத்தோம். வீட்டிலும் விடாமல் செய்திருக்கிறார் என்பது அவர் தொடையைத் தொட்டாலே தெரிந்தது. மறுபடியும் எண்ணினேன். 6 தான் வந்தது.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ இத்தினி நாள் பண்ணதெல்லாம் வீணா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் வரவில்லை.

அன்று சாயங்காலம்தான் உறைத்தது. முதல் நாள் அவர் உட்கார்ந்தது மர நாற்காலி. டேப் வைத்துப் பார்த்தேன், 43 செ.மீ. அதை யாரோ ஹாலுக்கு எடுத்துப் போய்விட்டதால் இரண்டாவது தடவை கையில் கிடைத்த தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். அது 38 செ.மீ. ஐந்து செ.மீ. தாழ்ந்த இடத்திலிருந்து எழுவது தேய்ந்த முட்டிக்கு எவ்வளவு பாரம் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் கவனிக்கவில்லை. அந்த அம்மாவின் முட்டி தேறியிருக்கலாம், நான் அளந்த விதம்தான் தப்பு. போன் பண்ணி விளக்கினேன். திரும்பி வந்தார், ஐந்து மாதம் கழித்து.

இந்த வழிகாட்டியை எழுத வைத்தது அந்த 8-ம் 6-ம் தான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்கச் சின்னச் சின்ன பிசியோ சென்டர்களில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் முட்டி வலிக்காரரை வைத்துக்கொண்டு, "டெஸ்ட் எடுக்கிறாங்களே, அது எதுக்கு?" என்று யோசிப்பவர்களும் படிக்கலாம். ஒவ்வொரு சோதனையும் எளிது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்வதுதான் கஷ்டம்.

கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாதா?

கேட்கத்தான் வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற வோமேக் கேள்விப்பட்டியல் 1982-லிருந்து இருக்கிறது. மொத்தம் 24 கேள்விகள். வலி பற்றி 5, மூட்டு இறுக்கம் பற்றி 2, அன்றாட வேலைகள் பற்றி 17. அது நல்ல கருவி. ஆனால் ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் அது சொல்லும். என்ன செய்ய முடிகிறது என்பது வேறு சங்கதி.

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆனவர்களிடம் இது பளிச்சென்று தெரியும். "இப்போ எவ்வளவோ தேவலை" என்பார்கள். கேள்விப்பட்டியலிலும் மதிப்பெண் ஏறியிருக்கும். நடக்க வைத்து நேரம் பார்த்தால் ஆபரேஷனுக்கு முன்னால் நடந்ததைவிட மெதுவாக நடப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பழைய வலி போய்விட்டது, அதனால் உடம்பே தேறிவிட்டதாகத் தோன்றுகிறது. தொடைத் தசை இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது. கேள்வியை மட்டும் நம்பினால் இந்த நேரத்தில் பயிற்சியை நிறுத்திவிடுவோம்.

எக்ஸ்ரேயும் இதைச் சொல்லாது. படத்தில் எலும்போடு எலும்பு ஒட்டியிருக்கும், ஆள் காட்பாடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். படத்தில் லேசான தேய்மானம்தான், ஆள் வாசற்படியைத் தாண்டமாட்டார். இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன்.

வேலூருக்கு இந்தப் பார்வை புதிதும் அல்ல. 1954-ல் விபத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். பாகாயத்தில் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அவர் உழைப்பில் எழுந்தது. உடம்பில் என்ன போச்சு என்பதோடு நிற்காமல், மிச்சம் என்ன செய்ய முடியும் என்று பார்க்கிற மருத்துவம் இந்த ஊரில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது.

எந்தெந்தச் சோதனை

ஓஏஆர்எஸ்ஐ (OARSI) என்கிற சர்வதேச மூட்டுத் தேய்மான ஆராய்ச்சிச் சங்கம் 2013-ல் இடுப்பு, முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கென ஐந்து சோதனைகளைப் பரிந்துரைத்தது. 30 நொடி நாற்காலிச் சோதனை, 40 மீட்டர் வேக நடை, படிக்கட்டு ஏறி இறங்குவது, எழுந்து நடந்து திரும்பி உட்காரும் சோதனை, 6 நிமிட நடை. இதில் முதல் மூன்றும் குறைந்தபட்சம். மற்ற இரண்டும் தேவைக்குத் தகுந்தபடி சேர்த்துக்கொள்ள வேண்டியவை. நோயாளிகள் நிறைய, நேரம் குறைவு என்றால் அந்த மூன்றை உருப்படியாகச் செய்யுங்கள். ஐந்தையும் அவசரமாகச் செய்வதைவிட அது மேல்.

செய்வதற்கு முன்

முதலில் யாருக்குச் செய்யக்கூடாது என்று பாருங்கள். மூட்டு சிவந்து, சூடாக, திடீரென வீங்கியிருந்தால் சோதனை வேண்டாம், டாக்டரிடம் அனுப்புங்கள். சமீபத்தில் விழுந்து எழுந்தவர், காலை ஊன்றவே முடியாதவர், நெஞ்சுவலி இருக்கிறவர், மயக்கம் வருகிறது என்பவர், இவர்களுக்கும் வேண்டாம். பிபியும் நாடித் துடிப்பும் பார்த்து எழுதிய பிறகுதான் ஸ்டாப் வாட்சைத் தொட வேண்டும். 6 நிமிட நடைக்குத் தனி விதிகள் உண்டு, அந்த இடத்தில் சொல்கிறேன்.

சாமான் அதிகம் வேண்டாம். ஒரு ஸ்டாப் வாட்ச், செல்போனில் இருப்பதே போதும். ஒரு இஞ்ச் டேப், தரையில் ஒட்ட கலர் டேப், இரண்டு கோன். கோன் இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய பாட்டில். அப்புறம் கைப்பிடி இல்லாத, உட்காரும் பலகை நேராக இருக்கிற, 43 செ.மீ. உயர நாற்காலி. கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. நடுவில் குழிந்து பின்பக்கம் சரிந்திருக்கும், எடை ஏறினால் வளையும். தச்சரிடம் சொன்னால் 43 செ.மீ.க்குச் செய்து கொடுப்பார். அதன் முதுகில் பெயின்டில் "டெஸ்ட்" என்று எழுதுங்கள். இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன். எங்கள் நாற்காலியில் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறது, யாரும் அதை நகர்த்துவதில்லை.

அடுத்தது காலணி. நம் ஊரில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வெறுங்காலா, ரப்பர் செருப்பா, பெல்ட் வைத்த செருப்பா என்று எழுதுங்கள். வழுக்காத, கால் பழகிய காலணி நல்லது. எதைப் போட்டாலும் அடுத்த தடவையும் அதுவே. புடவை கீழே புரண்டால் ஒரு அக்காவைக் கூப்பிட்டுக் கொஞ்சம் தூக்கிச் செருகச் சொல்லுங்கள். வேட்டி, லுங்கி என்றால் பேன்ட் போட்டுவரச் சொல்வது நல்லது.

அன்று வலி மாத்திரை போட்டாரா, எத்தனை மணிக்கு என்பதும் எழுத வேண்டியது. காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு வந்தவரின் நடையும் போடாமல் வந்தவரின் நடையும் ஒன்றல்ல. நேரமும் அப்படித்தான். முதல் சோதனை காலை 10 மணிக்கு என்றால் மறு சோதனையும் காலையில்தான். நம் ஊர் வெயில் தெரிந்ததுதான். அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஷீட் போட்ட வராண்டாவில் நடக்க வைத்தால் வெயிலைத்தான் அளந்திருப்போம், முட்டியை அல்ல. சித்திரை, வைகாசி மாதங்களில் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுகிறேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் வலி எவ்வளவு என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி. நம்பர் சொல்லத் தயங்குகிறவர்களிடம் ரூபாய் கணக்கில் கேட்பேன்: "பத்து ரூபாய்க்கு எத்தினி ரூபாய் வலி ஆயா?" உடனே பதில் வரும்.

நாற்காலியில் எழுந்து உட்காருவது

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகரக்கூடாது. நடுவில் உட்கார வேண்டும், முதுகு சாயக்கூடாது. பாதம் இரண்டும் தோள் அகலத்துக்குத் தள்ளி, முட்டியைவிடச் சற்றுப் பின்னால், முழுசாகத் தரையில். கைகளைக் குறுக்கே கட்டி நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சொல்லும் வார்த்தை மாறினால் வேகம் மாறும். நாங்கள் சொல்வது இது: "நான் ஆரம்பிங்கன்னு சொன்னதும் முழுசா எழுந்து நில்லுங்க, திரும்ப முழுசா உக்காருங்க. 30 நொடி வரைக்கும் உங்களால எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா செய்ங்க. வலி தாங்கலன்னா நிறுத்திக்கலாம்." அப்புறம் நீங்களே ஒரு தடவை செய்து காட்டுங்கள். அவரை ஒன்றிரண்டு தடவை செய்ய வையுங்கள். கொஞ்சம் ஓய்வு. அதன் பிறகு சோதனை, ஒரே ஒரு தடவை.

எதை ஒன்றாக எண்ணுவது? இடுப்பும் முட்டியும் நேராகி நின்றால்தான் ஒன்று. பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தால் கணக்கில் இல்லை. உட்காரும்போது பின்புறம் பலகையில் முழுசாகப் பட வேண்டும். 30-வது நொடி முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். வாய்விட்டு எண்ணாதீர்கள். எண்ணினால் அவர் நம்பரைத் துரத்த ஆரம்பித்து, நிமிர்ந்து நிற்பதை விட்டுவிடுவார்.

கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லையா? அப்போது முறையான மதிப்பெண் 0. மனசு கேட்காது, ஆனாலும் 0 என்றே எழுதுங்கள். பிறகு கையைத் தொடையில் ஊன்றியோ, வழக்கமாக வைத்திருக்கும் வாக்கரைப் பிடித்தோ செய்ய விட்டு, அதைத் தனியாக "மாற்றிச் செய்தது, 5" என்று குறியுங்கள். அடுத்த மாதம் கை ஊன்றாமல் இரண்டு தடவை எழுந்தால் அது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது அந்த 0 இருந்தால்தான் தெரியும்.

ஓரக்கண்ணால் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. எந்தக் காலில் பாரம் போடுகிறார்? வலது முட்டி மோசமானவர் இடது காலைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை அந்தப் பக்கம் சாய்த்து எழுவார். எண்ணிக்கை 11 என்று அழகாக வரும். ஆனால் மொத்த வேலையையும் நல்ல கால்தான் செய்திருக்கும். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் "இடப்பக்கம் சாய்கிறார்" என்று நாலு எழுத்து எழுதிவைத்தால் பயிற்சி கொடுக்கும்போது உதவும்.

40 மீட்டர் வேக நடை

10 மீட்டர் நேர்கோடு. இரண்டு முனையிலும் தரையில் டேப். ஒவ்வொரு டேப்பையும் தாண்டி 2 மீட்டரில் ஒரு கோன். ஆக 14 மீட்டர் இடம் வேண்டும். சின்ன சென்டர்களில் இதுதான் தலைவலி. மொட்டை மாடி கால் சுடும், தரையும் சமமாக இருக்காது. தெருவில் செய்யவே கூடாது, எந்தப் பக்கத்திலிருந்து டூவீலர் வரும் என்று சொல்ல முடியாது. பக்கத்துப் பள்ளிக்கூட வராண்டா, மண்டபத்துச் சாப்பாட்டு ஹால் என்று அனுமதி கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். ஒரே இடத்தை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் சரி.

சொல்ல வேண்டியது: "ஓடாம, விழுந்துடாம, உங்களால முடிஞ்ச வேகத்துல நடங்க. அந்தக் கோனைச் சுத்தி வாங்க, இந்தக் கோனைச் சுத்தி வாங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்." 10 மீட்டரை நான்கு தடவை நடந்தால் 40. கோட்டைத் தாண்டியதும் வாட்சை நிறுத்துங்கள், கோனைச் சுற்றிக் கோட்டுக்குள் வந்ததும் மறுபடி ஓட விடுங்கள். திரும்பும் நேரம் கணக்கில் வராது. முதலில் ஒரு தடவை பழக்கம் காட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். கைத்தடி வைத்திருப்பவர் கைத்தடியோடு நடக்கலாம், அதை எழுதிவிடுங்கள்.

கணக்கு எளிது: 40-ஐ நொடியால் வகுங்கள். 44 நொடி எடுத்தால் நொடிக்கு 0.91 மீட்டர். 34 நொடி எடுத்தால் 1.18.

கூடவே நடக்காதீர்கள். பக்கத்தில் நடந்தால் உங்கள் வேகம் அவருக்குத் தொற்றிக்கொள்ளும். விழுந்துவிடுவாரோ என்று பயம் இருந்தால் அரை அடி பின்னால், பக்கவாட்டில் இருந்துகொள்ளுங்கள். அதோடு, கூட வந்த மகனையும் மருமகளையும் வெளியே உட்கார வைப்பது நல்லது. "இன்னும் வேகமா போம்மா" என்று அவர்கள் கத்தினால் அந்த அம்மா வேகமாக நடப்பார், வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்துக்கொள்வார்.

படிக்கட்டு

முட்டி மோசமானால் முதலில் விட்டுப் போவது படிக்கட்டுதான். தேறும்போது கடைசியில் திரும்பி வருவதும் அதுதான். அதனால் இந்தச் சோதனைக்கு நான் தனி மதிப்பு கொடுப்பேன்.

ஏறி, மேலே திரும்பி, இறங்கி, தரையில் இரண்டு காலும் வைக்கும் வரை ஆகும் மொத்த நேரம்தான் மதிப்பெண். எத்தனை படி என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் கட்டிடத்தில் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எத்தனை படி, ஒரு படியின் உயரம் எத்தனை செ.மீ., கைப்பிடி எந்தப் பக்கம் என்று அளந்து எழுதிவையுங்கள். 12 படியில் எடுத்த நேரத்தை வேறு சென்டரின் 9 படியோடு ஒப்பிடக்கூடாது. கைப்பிடி இல்லாத படிக்கட்டில் இந்தச் சோதனையே கூடாது. பழைய வீடுகளை சென்டராக மாற்றிய இடங்களில் படி செங்குத்தாக, கைப்பிடியில்லாமல் இருக்கும். அங்கே நாற்காலியோடும் நடையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

"முடிஞ்ச வேகத்துல, ஆனா பத்திரமா ஏறி இறங்குங்க. வேணும்னா கைப்பிடியைப் பிடிச்சுக்கலாம்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏறும்போது நீங்கள் அவருக்குப் பின்னால் ஒரு படி கீழே. இறங்கும்போதும் அவருக்குக் கீழேதான் நிற்க வேண்டும், மேலே நின்றால் பிடிக்க முடியாது. கைப்பிடியைப் பிடித்தாரா, ஒவ்வொரு படியாக மாற்றி மாற்றிக் கால் வைத்தாரா, ஒரே படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாரா என்பதை எழுதுங்கள். நேரம் மாறாமல் இருந்தாலும், போன மாதம் சேர்த்து வைத்தவர் இந்த மாதம் மாற்றி வைக்கிறார் என்றால் அது முன்னேற்றம்தான்.

இங்கே பலர் கேட்கும் கேள்வி ஒன்று: "சோளிங்கர் மலை ஏறலாமா?" நரசிம்மர் கோயிலுக்கு 1,305 படி. பன்னிரண்டு படியில் எடுத்த நேரத்தை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்தச் சோதனை வீட்டு மாடி, பஸ் படி, ஆஸ்பத்திரிப் படி இவற்றுக்கானது. 2024-லிருந்து அங்கே ரோப்கார் ஓடுகிறது, தரிசனம் வேண்டுமென்றால் அதில் போங்கள் என்பேன். "நடந்து ஏறுறதா வேண்டுதல்" என்பவர்களிடம் மட்டும் உட்கார்ந்து பேசுவேன். முதலில் ரத்தினகிரி மாதிரிச் சின்ன மலையை வைத்துக்கொள்ளலாம், நிதானமாக, வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து. அந்த வேண்டுதல் அவரைத் தினமும் பயிற்சி செய்ய வைக்கும். நான் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

எழுந்து, நடந்து, திரும்பி, உட்காருவது

டைம்ட் அப் அண்ட் கோ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1991-லிருந்து புழக்கத்தில் உள்ளது. இதற்கு மட்டும் கைப்பிடி வைத்த நாற்காலி. எழுந்து, 3 மீட்டர் நடந்து, கோட்டில் திரும்பி, வந்து உட்கார வேண்டும். வேகம் வழக்கமான வேகம், பந்தயம் இல்லை. "ஆரம்பிங்க" என்றதும் வாட்ச் ஓட வேண்டும், முதுகு நாற்காலியில் பட்டதும் நிறுத்த வேண்டும். வயதானவர்களுக்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சொல்கிறது. திரும்பும் இடத்தில் தடுமாறுகிறாரா என்று பாருங்கள். நேராக நன்றாக நடப்பவர்கள்கூட அங்கே நாலைந்து சின்ன எட்டாக வைத்துத் திரும்புவார்கள்.

6 நிமிட நடை

நேரமும் இடமும் இருந்தால் மட்டும். 30 மீட்டர் நீளம், சமதளம், மறிக்க யாரும் வராத இடம் வேண்டும். நெஞ்சுவலி அடங்காமல் இருப்பவருக்கும், கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவருக்கும் செய்யவே கூடாது. ஓய்வில் நாடித்துடிப்பு 120-க்கு மேல், பிபியில் மேல் எண் 180-க்கு மேல், அல்லது கீழ் எண் 100-க்கு மேல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இவை 2002-ல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் வகுத்த விதிகள். நம்மிடம் வரும் முட்டி வலிக்காரர்களில் சர்க்கரை, பிபி உள்ளவர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும், அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓடாமல், ஆறு நிமிடத்தில் முடிந்தவரை அதிக தூரம் நடக்க வேண்டும். நிற்கலாம், சுவரில் சாயலாம். ஆனால் வாட்ச் நிற்காது. ஒவ்வொரு நிமிடம் முடிந்ததும் ஒரே குரலில் ஒரே மாதிரி வாக்கியம், மிச்ச நிமிடக் கணக்கு மட்டும் மாறும்: "நல்லா நடக்கறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." அதற்கு மேல் உற்சாகம் வேண்டாம். நெஞ்சுவலி, தாங்க முடியாத மூச்சிரைப்பு, தள்ளாட்டம், முகம் வெளிறி வியர்ப்பது, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். அதற்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். மதிப்பெண் என்பது நடந்த மொத்த மீட்டர்.

எந்த வரிசையில் செய்தாலும் அதே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். நான் நாற்காலி, வேக நடை, படிக்கட்டு என்று செய்கிறேன். 6 நிமிட நடையை வேறொரு நாளுக்குத் தள்ளிவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில், வலியும் மூச்சும் முன்பிருந்த நிலைக்கு வரும் வரை ஓய்வு.

எண்ணை எப்படிப் படிப்பது

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறோம். அமெரிக்க முதியவர்களை வைத்துத் தயாரித்த அட்டவணை ஒன்று இருக்கிறது. அதன்படி நாற்காலிச் சோதனையில் 60 முதல் 64 வயதுப் பெண்கள் 12-க்குக் கீழேயும், அதே வயது ஆண்கள் 14-க்குக் கீழேயும் போனால் சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74 வயதில் பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. இதை ஒரு திசைகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். அந்த அட்டவணையில் இருப்பவர்கள் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்களோ, பேர்ணாம்பட்டுத் தோல் ஷாப்பில் நாள் முழுக்க நின்றவர்களோ அல்ல.

ஒருவரை அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் சரி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே ஆளை, ஒரே வாரத்தில், ஒரே மாதிரி இரண்டு தடவை அளந்தாலும் எண் கொஞ்சம் மாறும். அந்த ஆட்டத்தைத் தாண்டினால்தான் மாற்றம். இடுப்பு, முட்டித் தேய்மானத்துக்கு மூட்டு மாற்றிக்கொள்பவர்களிடம் செய்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில், டைம்ட் அப் அண்ட் கோ சோதனைக்குச் சுமார் 2.5 நொடி, 6 நிமிட நடைக்குச் சுமார் 61 மீட்டர் மாறினால்தான் நிஜ மாற்றம் என்று வந்தது. இடுப்புத் தேய்மானக்காரர்களை வைத்து 2011-ல் வந்த இன்னொரு ஆய்வு, நாற்காலிச் சோதனையில் 2 முதல் 3 தடவை, 40 மீட்டர் நடையில் நொடிக்கு 0.2 முதல் 0.3 மீட்டர் கூடினால் அந்த ஆளுக்கே "தேவலை" என்று தெரியும் என்றது. மேலே சொன்ன 44 நொடி, 34 நொடி கணக்கைப் பாருங்கள். வித்தியாசம் 0.27. அது நல்ல முன்னேற்றம். 8 தடவை 9 ஆனதற்குக் கொண்டாடவும் வேண்டாம், 8 தடவை 7 ஆனதற்குக் கலங்கவும் வேண்டாம்.

சொல்லும் விதமும் முக்கியம். எண் குறைந்திருந்தால் முதலில் நாற்காலியைப் பாருங்கள், செருப்பைப் பாருங்கள், மாத்திரை நேரத்தைப் பாருங்கள், நேற்று ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். அத்தனையும் சரியாக இருந்து, மூன்று நாள் கழித்து மறுபடி செய்தும் குறைவாகவே வந்தால் அப்போது பேசலாம். இதைச் செய்யாமல் வாயைத் திறந்ததற்குத்தான் அந்த அம்மா ஐந்து மாதம் வராமல் இருந்தார்.

தரையை விட்டுவிடாதீர்கள்

அந்த ஐந்தில் எதுவும் தரையிலிருந்து எழுவதை அளப்பதில்லை. நாற்காலி வாழ்க்கை உள்ள நாடுகளில் செய்த தொகுப்பு அது. நம்மிடம் வருகிறவர் முதலில் சொல்வதே "கீழ உக்காந்தா எழுந்திருக்க முடில", "பாத்ரூம்ல உக்கார முடில" என்பதுதான். அதனால் நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பாய் விரித்து, பக்கத்தில் ஒரு கனமான ஸ்டூல் போட்டு, எழுந்து காட்டச் சொல்வேன். எதைப் பிடித்தார், எந்தக் காலை முதலில் ஊன்றினார், குப்புறத் திரும்பிக் கையை ஊன்றினாரா என்று வார்த்தையில் எழுதுவேன், எண் போடமாட்டேன். இதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுகோல் நம் கையில் இல்லாதபோது நாமே ஒரு மதிப்பெண் போட்டு மற்ற எண்களோடு கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். முட்டி மாற்றிக்கொண்டவர்களிடம் அவர்கள் டாக்டர் தரையில் உட்காரச் சம்மதித்தாரா என்று கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். நாற்காலிச் சோதனையை வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்க, மாதம் ஒரு தடவை செய்து காலண்டரில் எழுதலாம். ஒரே நாற்காலி, சுவரோடு ஒட்டி. படிக்கட்டுச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

நோட்டும் கடிதமும்

ஒருவருக்கு ஒரு பக்கம். தேதி, நேரம், காலணி, மாத்திரை, கைத்தடி, பிபி, நாடி, முன் வலி, நாற்காலி எண்ணிக்கை, நடை நொடி, படி நொடி, பின் வலி, பார்த்தவர் கையெழுத்து. முடிந்தால் மறு சோதனையையும் முதலில் பார்த்தவரே பார்க்க வேண்டும். பயிற்சி தொடங்கும் நாளில் ஒன்று, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஒன்று. அதற்குள் அடிக்கடி செய்தால் சோதனையே பழகிப்போய் எண் ஏறும்.

எலும்பு டாக்டரிடம் அனுப்பும்போது "முட்டி வலி, பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதுவதை விட்டுவிடலாம். இப்படி எழுதுங்கள்: "வயது 63, வலது முட்டித் தேய்மானம். 43 செ.மீ. நாற்காலியில் 30 நொடிக்கு 7 தடவை. எட்டு வாரப் பயிற்சிக்குப் பின்னும் 7. வேக நடை நொடிக்கு 0.82 மீட்டர், முன்பு 0.85. 12 படி ஏறி இறங்க 38 நொடி, கைப்பிடியோடு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்த்து. சோதனைக்குப் பின் வலி 10-க்கு 7. தரையிலிருந்து ஆள் பிடிக்காமல் எழ முடியவில்லை." இந்த ஐந்து வரியைப் படிக்கிற டாக்டருக்கு ஆபரேஷனா, ஊசியா, இன்னும் கொஞ்ச நாள் பயிற்சியா என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும். கடிதத்தின் ஒரு நகலை நோயாளி கையிலும் கொடுத்துவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது பை மாறும், ஃபைல் தொலையும். அந்தத் தாளை மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.